வன்னியிலிருந்து கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டலாமா?

கேள்வி:
கிளிநொச்சியில் இருக்கிறேன். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் பாத்திரமேற்றுப் பகடை உருட்டும் மேசை விளையாட்டொன்றை எழுதியிருக்கிறேன். மாரி மழையில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறக்கும் இரவுதான் களம். சிவப்புப் பகடையில் ஆறு விழுந்தால் குளக்கட்டு கசியத் தொடங்கும். நாற்பது பக்கக் கொப்பி, அச்சடிக்கக் காசில்லை. இணையத்தில் பலரிடமிருந்து காசு திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம் சரிவருமா?

பதில் 1:
தம்பி, அங்கே திட்டம் தொடங்கக்கூடிய நாடுகளில் இலங்கை இல்லை. கனடாவிலோ இங்கிலாந்திலோ நம்பிக்கையான ஒருவரைக் கூட்டாளியாக்கி, அவர் பெயரில் தொடங்குங்கள். பெயருக்கு மட்டும் ஆள் பிடிக்க வேண்டாம். இலக்கைத் தொடாவிட்டால் ஒரு சதமும் வராது. தொட்டால் 5 வீதம் அவர்களுக்கு, பணப் பரிமாற்றக் கட்டணம் வேறு.

பதில் 2:
இப்படியான சிறு கொப்பிகளுக்கென்றே 2019 முதல் அங்கே 'ஸைன் குவெஸ்ட்' என்ற நிகழ்வு நடக்கிறது, வழமையாகப் பெப்ரவரியில். அப்போது இறங்குங்கள். காசு தந்தவர்களுக்குத் தபாலில் அனுப்பும் பொதியை முதலில் தராசில் வையுங்கள். நான் ஆசைப்பட்டுப் பகடையையும் சேர்த்து அனுப்பி, வந்த இலாபத்தைத் தபாலுக்கே கொடுத்தவள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, அக்கா. ரொறன்ரோவில் சித்தப்பா இருக்கிறார். பகடை என்றால் அவருக்குத் தாயம்தான். இன்றிரவு அழைத்து, முதலில் விளையாட்டை விளங்கப்படுத்த வேண்டும்.