ஒரே லைன்: கொமடோர் 64-இல் பி.பி.எஸ். நடத்தியவர்கள், கூப்பிட்டவர்கள்

ஒஹையோ உறுப்பினர்:

டயல்-அப் பி.பி.எஸ்., அதாவது போன் போட்டு உள்ளே நுழைந்து செய்தி படித்து எழுதுகிற கணினி அறிவிப்புப் பலகை, என்றதும் எல்லோரும் கணினியைப் போன் லைனோடு இணைக்கிற மோடம் போடும் சத்தத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அது இரண்டாம்பட்சம். அந்த உலகத்தின் குணமெல்லாம் ஒரே விஷயத்திலிருந்து வந்தது: ஒரு கணினி, ஒரு போன் லைன், ஒரு நேரத்தில் ஒரே ஆள். மற்றவர்களுக்கு எங்கேஜ்டு டோன். எண்பதுகளின் கடைசியில் கிளீவ்லண்ட் பக்கம் வாடகை வீட்டில் கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியை வைத்து ஒரு போர்டு (பி.பி.எஸ்.-ஐ அப்படித்தான் சொல்வோம்) நடத்தினேன். இப்போது அதே ரகக் கணினியில் மறுபடியும் நடத்துகிறேன். இரண்டு காலத்தையும் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் கதைகளையும் கீழே போடுங்கள்.

புதியவர்களுக்காக இரண்டு வரி. 1978 ஜனவரியில் சிகாகோவைப் பனிப்புயல் முடக்கிப் போட்டபோது, வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் தங்கள் கணினி கிளப்புக்காக யோசித்தது இது. அறிவிப்புப் பலகையில் ஊசி குத்தி ஒட்டும் சீட்டை, போன் போட்டுப் படிக்கிற சீட்டாக மாற்றினால் என்ன? கிறிஸ்டென்சன் மென்பொருள் எழுதினார், சூஸ் வன்பொருளைக் கட்டினார், பிப்ரவரியில் சி.பி.பி.எஸ். என்ற அவர்கள் போர்டு வந்துவிட்டது. அந்தப் போர்டு தன் காலத்தில் இரண்டரை லட்சம் அழைப்புகளுக்கு மேல் எடுத்தது. ஒவ்வொருவராக!

அன்று அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் உள்ளூர் அழைப்புக்கு மாதச் சந்தாவோடு சரி, எவ்வளவு நேரம் பேசினாலும் தனிக் காசு கிடையாது. வெளியூருக்குப் போட்டால் பில் எகிறும். போர்டுகள் இங்கே தழைத்ததற்கும், ஒவ்வொன்றும் அந்தந்த ஊர்க்காரர்களுடையதாக இருந்ததற்கும் அதுதான் காரணம்.

என்னிடம் இருந்தது 64 கே மெமரி, ஏறக்குறைய ஒரு மெகாஹெர்ட்ஸ் வேகம், வட்டுக்கு 170 கே கொள்கிற 1541 டிரைவ். நிரலுக்கு ஒன்று, செய்திகளுக்கு ஒன்று என்று இரண்டு டிரைவ் வைத்திருந்தேன். 1541 சும்மா இருந்தாலே சூடாகும், இரவும் பகலும் ஓடினால் கேட்கவே வேண்டாம். மேலே ஒரு சின்ன விசிறி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். 300 பாட் வேக மோடம் நொடிக்கு முப்பது எழுத்து அனுப்பும். நாற்பது எழுத்து அகலமும் இருபத்தைந்து வரியும் கொண்ட திரை நிரம்ப அரை நிமிடத்துக்கு மேலாகும். யாரும் வளவளவென்று எழுத மாட்டார்கள். அடுத்தவர் அதை எழுத்தெழுத்தாகத்தான் படிக்கப்போகிறார், லைனுக்கு வெளியே இன்னொருவர் ரீடயல் அடித்துக்கொண்டிருப்பார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வெளியில் பலருக்குத் தெரியாத ஒன்று: கூப்பிட்டவர் பார்க்கிற திரைதான் போர்டை நடத்துகிற சிஸாப்பின் திரையிலும் ஓடும். அவர் அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தெரியும். அது அவர்களுக்கும் தெரியும்.

இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் கூப்பிடுகிற ஒருவர் இருந்தார். எஃகு ஆலையில் வேலை. புதிய செய்திகளைப் படிப்பார், ஒன்றிரண்டுக்குப் பதில் போடுவார், கிளம்பிவிடுவார். ஒருநாள் விற்பனைப் பகுதிக்குப் போனார். அங்கே அவர் போனதே இல்லை. "விற்பனைக்கு: கொமடோர் 64, டிரைவ், பிரின்டர், மோடம்" என்று அடித்தார். கர்சர் நின்றது. பின்னோக்கி அழித்துக்கொண்டே வந்து, மோடத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப அடித்தார். மறுபடி முழுவதையும் அழித்தார். நான் சாட் சாவியை அழுத்தி, "என்ன ஆச்சு?" என்று கேட்டேன். ஆட்குறைப்பு. வீட்டு வாடகைக்கு இரண்டு மாதம் தாங்கும் என்றார். வெகுநேரம் தட்டச்சிலேயே பேசினோம். அவர் மனைவிக்குக்கூட அப்போது விஷயம் தெரியாது. கடைசியில் பிரின்டரை மட்டும் விற்பனைக்குப் போட்டார். நம் போர்டில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியை அன்று மாலையே அதை வாங்கிக்கொண்டார். கூடவே, தன் தம்பி வேலை பார்க்கிற பட்டறையில் ஆள் எடுப்பதையும் சொல்லிவிட்டுப் போனார். இருவரும் அதுவரை நேரில் பார்த்ததில்லை. வீடுகளுக்கிடையே சில மைல் தூரம்தான்.

பல லைன் இருக்கிற போர்டில் இந்தப் பேச்சு நடந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். வந்திருப்பது ஒருவர் என்பதால்தான் அவரை முழுசாகக் கவனிக்க முடிந்தது.

ஸ்காபரோ உறுப்பினர்:

அண்ணை, வாசிச்சுப்போட்டு எழுதாமல் இருக்க ஏலாது. நாங்கள் 90-களின்ர தொடக்கத்தில கனடா வந்தனாங்கள். எனக்குப் பதினாலு வயசு. பக்கத்துத் தெருவில கராஜ் சேல் ஒண்டில கொமடோர் 64-உம் மோடமும் ஒரு பெட்டி டிஸ்க்கும் சேர்த்து மலிவா வாங்கினன். அந்தப் பெட்டியில ஒரு தாளில உள்ளூர் போர்டுகளின்ர நம்பர் எழுதிக் கிடந்தது. முக்கால்வாசி நம்பர் செத்துப் போச்சு. ஒண்டில ஒரு மனிசன் "ஹலோ" எண்டு எடுத்தார், நான் பயத்தில டக்கெண்டு வைச்சிட்டன்.

கடைசியில ஒண்டு எடுத்தது. பேர், வயசு, ரெலிபோன் நம்பர் எல்லாம் கேட்டுப்போட்டு, சிஸாப் கோல் பண்ணி ஆளை உறுதிப்படுத்தின பிறகுதான் எழுத விடுவம் எண்டது. அடுத்த நாள் பின்னேரம் அவர் எடுக்கேக்க நான் பள்ளிக்கூடத்தால வரேல்லை. அம்மா எடுத்திருக்கிறா. அவவுக்கு அப்ப இங்கிலிஷ் அவ்வளவு வராது. வெள்ளைக்காரன் ஒருத்தன் மகன்ர பேரைச் சொல்லி "கொம்பியூட்டர்" எண்டதும், நான் ஏதோ களவில மாட்டிட்டன் எண்டு பயந்து அழுதிட்டா. நான் வந்து திருப்பி எடுத்துக் கதைச்சன். அந்த மனிசனுக்குச் சரியான மனவருத்தம். அந்த வெள்ளிக்கிழமை போர்டுக்காரர் எல்லாரும் டோனட் கடையில சந்திக்கிறவை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா எண்டார். போனம். அவ தேத்தண்ணியோட ஒரு மூலையில இருந்து எல்லாரையும் பார்த்தா. பிறகு "நல்ல பிள்ளையள்தான்" எண்டா. அதுக்குப் பிறகு மோடத்துக்குத் தடை இல்லை.

ஒண்டே ஒண்டு மட்டும் சட்டம். இரவில கொழும்பில இருந்து மாமா கோல் எடுக்கிற நேரம் லைனில நான் இருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்துச் சேதி எங்களுக்கு அந்தக் கோலிலதான் வரும். மற்ற ஆக்கள் கோல் வெயிட்டிங் (நடுவில வேற கோல் வாற சத்தம்) அடிச்சுக் கனெக்‌ஷன் அறுபடாமல் இருக்க அதை நிப்பாட்டுற *70 அடிச்சுப்போட்டு டயல் பண்ணுவினம். நான் ஒருநாளும் அதை அடிக்கேல்லை. அறுந்தால் அறுகட்டும், கோல் வரவேணும். சிஸாப்புக்கு அது தெரியும். நான் லைனில இருந்து திடீரெண்டு விழுந்தால், அண்டைக்கு எனக்கு ஒதுக்கினதில மிச்சம் இருந்த நேரத்தை அடுத்த நாள் என்ர கணக்கில சேர்த்து விடுவார்.

சென்னை உறுப்பினர்:

இந்தக் காலத்துக் கதை ஒன்று சொல்கிறேன் சார். நான் பிறந்தபோது பி.பி.எஸ். காலம் முடிந்துவிட்டது. இங்கே வீட்டில் கொமடோர் வைத்திருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பதே கஷ்டம். என் மாமா ஜெர்மனியிலிருந்து ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். ரிச்சி தெருவில் இ.எஸ்.பி. 8266 என்ற ஒரு சின்ன வைஃபை மின்பலகை வாங்கி, வைஃபை மோடமாக மாற்றி, கொமடோருக்குப் பின்னால் யூசர் போர்ட் என்ற செருகுவாயில் மாட்டினேன். கணினி அதை நிஜ மோடம் என்றே நம்புகிறது. ஏ.டி.டி.டி. என்ற டயல் கட்டளையை அடித்துப் போன் நம்பர் இருக்கிற இடத்தில் இணைய முகவரியைக் கொடுத்தால் போதும், இணையத்தில் இருக்கிற எந்த போர்டுக்கும் போய்விடலாம்.

முதலில் போனது ஒஹையோ சாருடைய போர்டுக்குத்தான். "டெலிட் சாவியை அழுத்தவும்" என்று வந்தது. அழுத்தியதும் கட்டங்கள், கோடுகள், பதினாறு நிறம் என்று ஒரு மாளிகை மாதிரி முகப்பு வரி வரியாக இறங்கியது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு செய்தி எழுதிச் சேமிக்கும்போது எல்லாம் உறைந்துவிட்டது. லைன் போய்விட்டது என்று நினைத்து அணைத்துவிட்டேன். அது ஏன் சார்?

ஒஹையோ உறுப்பினர்:

தம்பி, லைன் போகவில்லை. என் நிரலில் முக்கால்வாசி பேசிக் என்ற நிரல்மொழி. கொமடோர் பேசிக்கில் ஒரு சொற்சரம் (எழுத்துகளின் தொடர்) மாறும்போதெல்லாம் பழையது மெமரியிலேயே கிடக்கும். இடம் தீர்ந்ததும் கணினி மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அந்தக் குப்பையைச் சுத்தம் செய்ய ஆரம்பிக்கும். சரங்கள் இரண்டு மடங்கானால் அந்த வேலை நான்கு மடங்காகும். நிறையச் சேர்ந்துவிட்டால் நிமிடக் கணக்கு. அன்றைய ஆட்களுக்கு இது பழக்கம், எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வருவார்கள். இப்போது ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் எஃப்.ஆர்.இ. கட்டளை கொடுத்து, ஆளில்லாத நேரத்தில் சுத்தம் செய்ய வைத்துவிட்டேன். திரும்ப வந்து பார்.

டெலிட் சாவி கேட்பதற்கும் காரணம் உண்டு. கொமடோரில் அது 20 என்ற எண்ணை அனுப்பும், மற்ற கணினிகளின் பேக்ஸ்பேஸ் பெரும்பாலும் 8 அனுப்பும். வந்திருப்பது யார் என்று அதிலேயே தெரிந்துவிடும். தெரியாமல் அனுப்பினால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் தலைகீழாகப் போகும், படமெல்லாம் குப்பையாகும்.

இந்தக் காலத்தில் எனக்கு உண்மையான தொல்லை வேறு. இணையம் வழியாக இன்னொரு கணினிக்குள் நுழைகிற டெல்நெட் முறையின் வழக்கமான 23-ஆம் போர்ட்டில் (அது ஒரு இணைய வாசல் எண்) போர்டை வைத்திருந்தபோது, இணையத்தில் திறந்த கதவு தேடி அலையும் தானியங்கி நிரல்கள் விடாமல் தட்டின. உள்ளே நுழைந்து 'ரூட்', 'அட்மின்' என்று அடிக்கும், தோற்றுப் போகும், திரும்ப வரும். ஆயிரம் பேரைத் தாங்கும் சர்வருக்கு அது ஒன்றுமில்லை. ஒரே ஆள் நுழையக்கூடிய இடத்தில், நிஜ மனிதர் யாருமே உள்ளே வர முடியாமல் போயிற்று. போர்ட் எண்ணை மாற்றியதும்தான் அடங்கியது. நிறைய பேர் என்னிடம், ஒரு சின்ன லினக்ஸ் கணினியை முன்னால் வைத்து பத்து பேரை ஒரே நேரத்தில் விடலாமே என்கிறார்கள். விடலாம். நான் விட மாட்டேன். வருகிறவர் அந்த இயந்திரத்தோடு நேராகப் பேச வேண்டும், அவர் இருக்கும்வரை அது முழுக்க அவருடையது.

நியூ ஜெர்சி உறுப்பினர்:

நிஜ மோடத்தில் கூப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எங்கள் பகுதியில் செம்புக் கம்பி லைனை எடுத்துவிட்டார்கள், இப்போது இணையம் வழியாக வரும் போன்தான். போனை இணையத்தோடு இணைக்கும் அடாப்டரில் கோடெக் (குரலை எண்களாக மாற்றும் முறை) ஜி.711 என்று மட்டும் இருக்கட்டும். குரலை நசுக்கும் ஜி.729 இருந்தால் மோடம் ஒருநாளும் பிடிக்காது. எதிரொலியை அடக்கும் எக்கோ கேன்சலையும் அணையுங்கள். 300-ம் 1200-ம் நன்றாகவே நிற்கின்றன. வேகம் கூடக்கூட, ஒரு தரவுப் பாக்கெட் தவறினாலே அறுந்துவிடுகிறது. என் பெண் அந்த 300 பாட் இழுவையில் வரிகள் வருவதைப் பார்த்துவிட்டு, தானே ஒரு பதில் அடித்தாள். நான் சொல்லித்தராமலே மூன்று வரியில் முடித்தாள்.

ஸ்காபரோ உறுப்பினர்:

அண்ணை, என்ர மெஷின் பேஸ்மென்ரில இன்னும் கிடக்கு. அந்த டிஸ்க்குகளும் இருக்கு, அந்தப் போர்டில நான் சேமிச்சு வைச்ச செய்திகளும் அதில இருக்கவேணும். இந்தக் கிழமை போட்டுப் பார்க்கப் போறன்.

ஒஹையோ உறுப்பினர்:

தம்பி, தயவுசெய்து பழைய பவர் சப்ளையை மாட்டாதீர்கள். அந்தக் கறுப்புக் கட்டிக்குள் ரெசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், பிரித்துச் சரிபார்க்க முடியாது. உள்ளே வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் ஏறிப்போய் மெமரி சிப்களை எரித்துவிடும். மல்டிமீட்டரில் இப்போது சரியாகக் காட்டினாலும் சூடானபின் ஏறலாம். புதிதாகச் செய்த சப்ளை விற்கிறார்கள், அதை வாங்குங்கள். பி.சி. மோடம் எதையும் யூசர் போர்ட்டில் நேராகச் செருக வேண்டாம். அங்கே இருப்பது 5 வோல்ட் சமிக்ஞை, பி.சி. மோடத்தின் வோல்ட் அதைவிட அதிகம். நடுவில் மாற்றிக் கருவி இல்லாமல் போட்டால் உள்ளே வெளி இணைப்புகளைக் கவனிக்கும் சி.ஐ.ஏ. என்ற சிப் போய்விடும்.

டிஸ்க்குகளைக் கொமடோரில் போட்டு ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் படியெடுங்கள். 1541 டிரைவில் வட்டைப் படிக்கும் தலையை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, ஸூம்ஃப்ளாப்பி என்ற இணைப்புக் கருவி வழியாகப் புதுக் கணினியோடு இணைத்து, ஒவ்வொரு வட்டையும் டி64 கோப்பாக எடுத்துவிடலாம். பூஞ்சை பிடித்த வட்டு இருந்தால் தனியாக வையுங்கள், அது தலையையும் கெடுக்கும், அடுத்த வட்டையும் கெடுக்கும். செய்திகள் கிடைத்தால் முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். அன்றைக்கு எல்லோரும் தங்கள் வீட்டு போன் நம்பரை எழுதி வைத்திருப்பார்கள். அதையெல்லாம் எடுத்துவிட்டு, மிச்சத்தை இங்கே போடுங்கள். அந்த சிஸாப் எப்படி எழுதுவார் என்று படிக்கக் காத்திருக்கிறேன்.