லீ கோ கெண்டை கடிக்கிறது, மாட்டவே மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் உதவி வேண்டும்

மூணாவது டிவிஷன் (திங்கள், இரவு 10.12)
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். மூன்று வாரமாகக் குட்டைக்குப் போகிறேன். தக்கை ஆடுகிறது, முங்குகிறது, தூக்கினால் வெறும் முள். மாவைக் காணோம். முள்ளை மாற்றினேன், தங்கூசி நூலை மாற்றினேன், இடத்தையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். வருகிற ஞாயிறு அப்பாவைக் கூட்டிப் போகிறேன். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே வருவது இதுதான் முதல் தடவை. தோட்டத்தில் இருந்த காலத்தில் அவர் லீ கோ பிடித்து வந்தால் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் வந்து எட்டிப் பார்ப்பார்கள். அவர் கையில் ஒன்றாவது மாட்ட வேண்டும். என்ன இரை போடுவது?

ராத்திரி ஷிப்ட் (திங்கள், இரவு 10.31)
எந்தக் குட்டை தம்பி? காசு கட்டிப் பிடிக்கிற குளமா, வெள்ளீயம் தோண்டிவிட்ட பழைய ஈயக்குட்டையா? முள் எத்தனையாம் நம்பர்? மாவில் என்ன சேர்க்கிறீர்கள்? இதெல்லாம் சொன்னால்தானே சொல்ல முடியும்.
எனக்கு மாவு மேல்தான் சந்தேகம். நான் போடுவது தவிடு இரண்டு பங்கு, கோதுமை மாவு ஒரு பங்கு, கெட்டித் தேங்காய்ப் பால், பாண்டான் இலை அரைத்த சாறு. கோதுமை மாவு குறைந்தால் பிடிப்பே இருக்காது. காது மடல் பதத்துக்குப் பிசைய வேண்டும். விரலில் ஒட்டவும் கூடாது, அமுக்கினால் விரியவும் கூடாது.

செம்பனை ரசிகன் (திங்கள், இரவு 10.50)
மாவெல்லாம் விடுங்க. உதிரிப் பழம்! நன்றாகப் பழுத்து, தொட்டால் விரல் ஆரஞ்சு நிறமாகிற, பாமாயில் எடுக்கிற செம்பனைப் பழம். முள்ளில் குத்திப் போட்டால் சின்ன மீன் சீண்டாது, பெரியது மட்டும் வரும். ஆற்றில் ஜெலாவாட், பாத்தின் எல்லாம் நான் இதில்தான் பிடித்தேன். தோட்டத்தில் எடுப்பதாக இருந்தால் மேற்பார்வை பார்க்கிற மண்டோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். உதிரிப் பழத்துக்கும் கணக்கு இருக்கிறது.

குட்டைக்காவலன் (திங்கள், இரவு 11.05)
30 வருடமாகத் தூண்டில் போடுகிறேன். இங்கே வருகிற இளைஞர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள், "என்ன இரை?" இரை கடைசிக் கேள்வி தம்பி. அடியில் இருப்பது லீ கோதான் என்று உங்களுக்கு யார் சொன்னது? கண்ணால் பார்த்தீர்களா? தக்கை எப்படி ஆடியது? துடித்ததா, நகர்ந்ததா, மேலே எழும்பிப் படுத்ததா? மூன்றும் மூன்று மீன். இதைக் கவனிக்காமல் முள்ளை மாற்றிக்கொண்டே இருந்தால் முள் கடைக்காரர்தான் பிழைப்பார்.

ராத்திரி ஷிப்ட் (திங்கள், இரவு 11.09)
அண்ணே, பையன் அப்பாவுக்காகக் கேட்கிறான். கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்க.

மூணாவது டிவிஷன் (செவ்வாய், மாலை 6.40)
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். பெஸ்தாரி ஜெயா பக்கம், எங்கள் பழைய தோட்டத்துக்குப் பின்னால் இருக்கிற ஈயக்குட்டை. காசு கிடையாது. முள் 4ஆம் நம்பர். ரொட்டியும் பால் மாவும் பிசைந்து போடுகிறேன். ஆழம் தெரியாது. தக்கை துடிக்கும், டக் டக் டக் என்று. லீ கோ குதிப்பதைக் காலையில் பார்த்தேன், பொன்னிறமாகப் பெரியது.

பீடோர் வாத்தியார் (செவ்வாய், இரவு 8.15)
தம்பி, குட்டையில் லீ கோ இருக்கிறது, சரி. ஆனால் உங்கள் மாவைத் தின்பது அது இல்லை என்று நினைக்கிறேன். "டக் டக் டக்" என்பது லாம்பாமோ திலாப்பியாவோ. சின்ன வாய், கூட்டமாக வந்து ஓரத்திலிருந்து கொறிக்கும். 4ஆம் நம்பர் முள் அவற்றின் வாய்க்குப் பெரியது, அதனால்தான் மாட்டவில்லை. நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும். லாம்பாம்தான் வேண்டும் என்றால் 10 போடுங்கள்.
லீ கோ தின்கிற விதமே வேறு. அது அடிமண்ணில் மேய்கிற மீன். வாயோரத்தில் இரண்டு ஜோடி மீசை, அதால் தடவிப் பார்க்கும். பிறகு வாயைக் குழாய் மாதிரி நீட்டி மண்ணோடு உறிஞ்சும், வேண்டாததைத் துப்பும். பல் தொண்டையில்தான். வயிறு என்று தனியாகப் பை கிடையாது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் பூராவும் மேயும். அது மேய்கிற இடத்தில் பொடிப் பொடியாகக் குமிழி வரும், சோடா மூடியைத் திறந்த மாதிரி. தூண்டிலின் எடைக் குண்டு தரையில் கிடந்து, அது இரையோடு தலையைத் தூக்கினால் தக்கை முங்காது. எழும்பிப் படுக்கும்.
ஒரு சோதனை செய்யுங்கள். இன்று இரவு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் நிரப்பி, அதே மாவை அதே அளவு உருண்டையாக முள்ளில் குத்தி உள்ளே விடுங்கள். எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். போத்தலிலும் உடனே கரைந்தால் மாவில் குற்றம். போத்தலில் நின்று குட்டையில் மட்டும் காணாமல் போனால் கொறிக்கிறவன் இருக்கிறான்.

தாமான் அக்கா (செவ்வாய், இரவு 8.52)
நடுவில் வருவதற்கு மன்னியுங்கள். லீ கோவை ஏன் இவ்வளவு தேடுகிறீர்கள்? எங்கள் வீட்டுக்காரர் ஒன்று கொண்டுவந்தார், இரண்டு நாள் வீடு முழுக்கச் சேற்று வாடை. முள்ளு வேறு மயிர் மயிராக. கறிக்கு ரோகு எவ்வளவோ மேல்.

செம்பனை ரசிகன் (செவ்வாய், இரவு 9.03)
அக்கா, ரோகுவிலும் அதே முள்தான். இரண்டும் கெண்டை இனம்தானே.

குட்டைக்காவலன் (செவ்வாய், இரவு 9.20)
இனம் ஒன்று, ஊர் வேறு. ரோகு கங்கைக்கரை மீன், நடுத்தண்ணீரில் மேயும். இந்தியாவில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் ஒரே குளத்தில் விடுவது எதற்காக? கட்லா மேல்மட்டம், ரோகு நடு, மிர்கால் அடி. ஒன்றின் தீனியில் இன்னொன்று அதிகம் வாய் வைக்காது. லீ கோ சீனர்கள் வழியாக இங்கே வந்த சாதாக் கெண்டை. இது தெரியாமல் ரோகுவுக்கு அடியில் இரை போட்டுவிட்டு மீனே இல்லை என்பவர்கள் எத்தனையோ பேர்.
சேற்று வாடைக்கு மீனைக் குறை சொல்லக் கூடாது. நல்ல தண்ணீர்த் தொட்டியில் சில நாள் உயிரோடு விட்டு வையுங்கள், தீனி போடாதீர்கள். வாடை குறையும்.

தாமான் அக்கா (செவ்வாய், இரவு 9.41)
தாமான் குடியிருப்பு வீட்டில் தொட்டிக்கு எங்கே போவது அண்ணே? மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீர் கழுவினேன், போகவில்லை.

பீடோர் வாத்தியார் (செவ்வாய், இரவு 10.02)
புளி போடுங்கள் தங்கச்சி. அந்த வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். குளத்துப் பாசியிலும் மண்ணிலும் இருக்கிற நுண்ணுயிர்கள் உண்டாக்குவது, மீனின் கொழுப்பில் போய்த் தங்கும். முதல் மழைக்கு மண் மணக்கிறதே, அதே பொருள்தான். புளிப்பு பட்டால் அது சிதையும். கெட்டிப் புளிக் கரைசலில் அரை மணி ஊறவைத்துக் கழுவிவிட்டுக் குழம்பு வையுங்கள். நம் பாட்டிமார் குளத்து மீனுக்குப் புளி தூக்கலாக விட்டது சும்மா இல்லை.
இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய ஈயக்குட்டை அடிமண்ணில் ஆர்செனிக் மாதிரி கன உலோகங்கள் இருக்கலாம். புளியில் அது போகாது. அந்த மீனை வாரா வாரம் சட்டியில் ஏற்றாதீர்கள்.

ராத்திரி ஷிப்ட் (செவ்வாய், இரவு 10.10)
லைம் பிழிந்தாலும் போதும். புளியில் ஊறவைத்தால் சதை உதிரும். எங்கள் அம்மா லைம்தான்.

தாமான் அக்கா (செவ்வாய், இரவு 10.14)
புளியில் ஊறி எந்த மீன் உதிர்ந்தது? அரை மணிதானே சொல்கிறார்.

மூணாவது டிவிஷன் (புதன், இரவு 7.30)
சோதனை செய்தேன். போத்தலில் 25 நிமிடம் அப்படியே இருந்தது. குட்டையில் 3, 4 நிமிடத்தில் காலி.

பீடோர் வாத்தியார் (புதன், இரவு 8.05)
அப்போ கொறிக்கிறவன்தான். மாவை விட்டுவிடுங்கள். சின்ன வாய் கடிக்க முடியாத இரை வேண்டும், ஆனால் லீ கோ தொண்டைப் பல்லில் நசுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். நம் வீட்டிலேயே இருக்கிறது. கொண்டைக்கடலை.
இரவு முழுக்க ஊறவையுங்கள். பிறகு வேகவையுங்கள், விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் தோல் பிரியக் கூடாது. சுண்டலுக்கு ஒரு கொதி முன்னாலேயே இறக்குகிற பதம். ஊறாத கடலையை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள், மீனின் குடலுக்குள் போய் ஊதிக்கொள்ளும்.
அதை முள்ளில் குத்தக் கூடாது. முடி கட்டுங்கள். 1980 வாக்கில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மடாக்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்த முறை. தலைமுடியில் இரையைக் கட்டிச் சோதித்ததால் அந்தப் பெயர். முள் வெறுமையாக இருக்கும். முள்ளுக்குக் கீழே மெல்லிய நூலில் கடலை தொங்கும். மீன் கடலையை உறிஞ்சும்போது முள்ளும் சேர்ந்து உள்ளே போகும், துப்பும்போது வெறும் முள் உதட்டில் ஏறிவிடும். முள் கட்டிய தங்கூசியின் மிச்ச வாலையே முடியாக விடலாம். நுனியில் சின்னக் கண்ணி போட்டு, ஊசியால் கடலையில் கோத்து, கண்ணிக்குள் ஒரு ஈர்க்குத் துண்டைச் செருகினால் கழலாது. கடலைக்கும் முள் வளைவுக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் இடம் விடுங்கள். முள் 6 போதும்.

செம்பனை ரசிகன் (புதன், இரவு 8.22)
அந்த முடியில் உதிரிப் பழத்தையும் கோக்கலாமே வாத்தியாரே?

பீடோர் வாத்தியார் (புதன், இரவு 8.25)
பாத்தினுக்குக் கோத்துப் பாருங்கள். லீ கோவுக்கு நான் கடலையைத்தான் நம்புவேன்.

குட்டைக்காவலன் (புதன், இரவு 9.10)
தம்பி, மீன் கிடக்கட்டும். அப்பாவை அந்தக் குட்டைக்கா கூட்டிப் போகிறீர்கள்? ஈயக்குட்டைக் கரை உங்களுக்குத் தெரியும். மேலே வெள்ளை மணல், பார்க்கக் கெட்டியாக இருக்கும். இரண்டு அடி தள்ளினால் செங்குத்தாக இறங்கும், அடியில் களிச்சேறு. நல்ல காலோடு இருக்கிறவனே சறுக்குவான். மீன் இழுக்கும்போது மனிதன் தன்னை அறியாமல் முன்னால் ஒரு அடி வைப்பான், அந்த ஒரு அடிதான் ஆபத்து. ஆபரேஷன் செய்த முட்டி அதைத் தாங்காது.
காசுக் குளத்துக்குப் போங்கள். சிமெண்டுக் கரை, கூரை, நாற்காலி. லீ கோ விட்டிருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், பல இடத்தில் பாத்தினும் ரோகுவும்தான். நாற்காலியைக் கரையிலிருந்து ஒரு கோல் தூரம் பின்னால் போடுங்கள், மீனைக் கைவலையில் நீங்கள் எடுங்கள்.
விடியற்காலையில் போக வேண்டாம். பச்சைத் தண்ணீர்க் குளத்தில் இரவெல்லாம் பாசியும் சேர்ந்து உயிர்வளியை இழுத்துவிடும், விடியும்போதுதான் அது ஆகக் குறைவு. 30 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராமுக்கு மேல் முதலிலேயே கரையாது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் என்ன இரை போட்டாலும் தொடாது. 9 மணிக்கு மேல் போங்கள், வெயில் ஏறினால் மேயும். முந்தின நாள் சாயங்காலம் பெரிய மழை என்றால் இன்னும் தாமதமாகப் போங்கள்.

ராத்திரி ஷிப்ட் (புதன், இரவு 9.18)
இது நல்ல பேச்சு அண்ணே.

மூணாவது டிவிஷன் (புதன், இரவு 9.50)
நாற்காலி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி ஐயா. கடலை வாங்கிவிட்டேன்.

தாமான் அக்கா (வியாழன், காலை 11.20)
நேற்று ரோகுத் துண்டில் பாதியைப் புளியிலும் பாதியை லைமிலும் ஊறவைத்தேன். புளித் துண்டில் வாடை சுத்தமாக இல்லை, உதிரவும் இல்லை. லைம் துண்டில் கொஞ்சம் மிச்சம்.

ராத்திரி ஷிப்ட் (வியாழன், மாலை 4.02)
எத்தனை லைம் அக்கா? ஒன்று போதாது. ஒரு கிலோவுக்கு நான்கு லைமாவது வேண்டும்.

தாமான் அக்கா (வியாழன், மாலை 4.30)
நான்கு லைம் வாங்குகிற காசுக்குப் புளி ஒரு மாதம் வரும்.

செம்பனை ரசிகன் (திங்கள், காலை 8.15)
தம்பி, என்ன ஆச்சு? ஞாயிறு போனீர்களா?

குட்டைக்காவலன் (செவ்வாய், இரவு 9.00)
மூணாவது டிவிஷன், அப்பா நலமா? மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

மூணாவது டிவிஷன் (வெள்ளி, இரவு 11.48)
தாமதத்துக்கு மன்னிக்கவும், இந்த வாரம் டபுள் ஷிப்ட். காசுக் குளத்துக்குத்தான் போனோம். கடலை, முடி, 6ஆம் நம்பர். பத்தரைக்குத் தக்கை எழும்பிப் படுத்தது. நான் பார்க்கவில்லை, அப்பாதான் பார்த்தார். உட்கார்ந்தபடியே இழுத்தார். 2 கிலோவுக்கு மேல் இருக்கும். கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தார், வேட்டியெல்லாம் சேறு. பிறகு திரும்ப விடச் சொல்லிவிட்டார். நாளை மறுநாளும் போகலாமா என்று கேட்கிறார். எல்லோருக்கும் நன்றி.

பீடோர் வாத்தியார் (சனி, காலை 6.30)
ரொம்ப சந்தோஷம் தம்பி. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ராத்திரி ஷிப்ட் (சனி, காலை 7.10)
கடலை வேகும்போது உப்பு போட்டீர்களா, போடவில்லையா? நாளைக்கு நானும் போகிறேன்.