இன்ஸ்டால் செய்யும் முன் பென்டிரைவிலேயே ஓட்டிப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள், 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதற்கப்புறம் எங்கள் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி கூப்பிட்டார். அவருடைய கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல் ஆறாம் தலைமுறை புராசஸர். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் வைத்த விதி. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்றேன்.

"போடு தம்பி. ஆனா டிஸ்க்ல இருக்கிற ஃபைல் ஒண்ணுகூட போயிரக் கூடாது."

அதனால் முதலில் பென்டிரைவிலிருந்தே மின்டை ஓட்டிப் பார்த்தோம். அதற்கு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றும், அதில் மின்டை எழுதித் தரும் ரூஃபஸ் என்ற புரோகிராமும் போதும். மின்ட் மொத்தமும் ஒரே ஃபைலாக டவுன்லோடு ஆகும், அதுதான் ஐஎஸ்ஓ. அதைச் சும்மா காப்பி செய்து போட்டால் பூட் ஆகாது, அதாவது கம்ப்யூட்டர் அதிலிருந்து கிளம்பாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது பூட் ஃபைலைத்தான் தேடும். அது ஐஎஸ்ஓவுக்குள் மூடிக் கிடக்கிறது. ரூஃபஸ் அதைப் பிரித்து அந்தந்த இடத்தில் வைக்கிறது. பார்ட்டிஷன் முறை எது என்று ரூஃபஸ் கேட்கும்: கம்ப்யூட்டரைக் கிளப்பும் புதுவகை புரோகிராமான யுஇஎஃப்ஐ உள்ள மெஷினுக்கு ஜிபிடி, பழைய பயாஸ் மட்டும் இருந்தால் எம்பிஆர். எழுதும் முன், டவுன்லோடு ஒழுங்காக வந்ததா என்று காட்டும் ஷா256 எண்ணை மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். ரூஃபஸிலேயே அதற்கு டிக் அடையாளம் போட்ட பொத்தான் இருக்கிறது. பாதியில் அறுந்த டவுன்லோடால் வரும் பிழைச்செய்தியைப் பார்த்துவிட்டு, மெஷினே போச்சு என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம்.

ரீஸ்டார்ட் செய்து எஃப்12 அழுத்தினேன், பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தேன், மின்ட் டெஸ்க்டாப் வந்தது. திரையில் 'இன்ஸ்டால்' ஐகான் கூப்பிடும், அதைத் தொடாதீர்கள். இந்த நிலையில் எல்லாமே பென்டிரைவிலும் ரேமிலும்தான் ஓடுகிறது, ஹார்டுடிஸ்கில் நாமாக எதையும் எழுதாதவரை அது அப்படியே இருக்கும். கடையின் வேலை மொத்தத்தையும் இங்கேயே ஒத்திகை பார்த்துவிடலாம்.

வைஃபை உடனே கிடைத்தது. விண்டோஸ் டிரைவ் மட்டும் 'படிக்க மட்டும்' என்று திறந்தது. காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்: ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசாக அணைவதில்லை. பார்ப்பதற்கு அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு அண்ணாச்சியின் பழைய மனு ஒன்றைத் திறந்தேன். அவர் முகம் மாறிவிட்டது. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி! ஃபைல் கெடவில்லை, அவர் காலங்காலமாக அடிப்பது பாமினி எழுத்துருவில், அது எல்லா மெஷினிலும் தமிழாகவே தெரியும் பொது முறையான யூனிகோடு கிடையாது. எழுத்துரு இல்லாத மெஷினில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துதான் தெரியும். விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியை எடுத்து மின்டில் சேர்த்து, மின்டோடு வரும் லிப்ரே ஆபீஸை (வேர்டு மாதிரியான புரோகிராம்) மூடித் திறந்தேன். 'ஐயா, வணக்கம்' என்று மனு ஒழுங்காக வந்து நின்றது. தமிழ் வேலை செய்யும் கடைகளில் இதை முதலில் சோதியுங்கள், டிடிபி ஆட்கள் பயந்து ஓடுவது இந்த இடத்தில்தான்.

பிரிண்டர்தான் படியவில்லை. பழைய லேசர் பிரிண்டர், அதற்குத் தனி டிரைவர் வேண்டும். நெட்டில் கிடைத்ததைப் போட்டும் காகிதம் நகரவில்லை. டிஸ்கை அழித்து மின்ட் போட்ட பிறகு இது தெரிந்திருந்தால், மறுநாள் காலை மனு எழுத வந்து நிற்பவர்களுக்கு அண்ணாச்சி என்ன பதில் சொல்வார்?

அதனால் திட்டத்தை மாற்றினோம். முக்கிய ஃபைல்களை வெளி டிஸ்கில் பேக்கப் எடுத்தோம். விண்டோஸை ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் நிறுத்தி முழுசாக அணைத்தோம். விண்டோஸிலேயே டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்ட்டிஷனை (டிஸ்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியை) சுருக்கி, கிடைத்த காலி இடத்தில் மின்ட் போட்டோம். ஆன்லைன் விண்ணப்பமெல்லாம் இப்போது மின்டில். பிரிண்ட் எடுக்க மட்டும் விண்டோஸுக்குப் போகிறார், அங்கே நெட் இணைப்பைத் துண்டித்து வைத்திருக்கிறோம். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது பெட்டியில் லினக்ஸ் ஆதரவு எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.