பல் விழும் நாய்க்குட்டிக்கு ரத்தம் வருகிறது, கிராம்புத் தைலம் தடவலாமா?

அம்மாபேட்டை தறிவீடு:
வணக்கம். எங்கள் ஸ்பிட்ஸ் குட்டிக்கு ஐந்து மாதம் ஆகப்போகிறது. அது கடிக்கிற துணியில் லேசாக ரத்தக்கறை, முன்பல் இரண்டைக் காணோம், தேடியும் கிடைக்கவில்லை. தறிப்பக்கம் வந்தால் நூல் சுற்றிய தார்க்குச்சியைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. ஈறில் கிராம்புத் தைலம் தடவு, கடிக்க மட்டன் எலும்பு போடு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். செய்யலாமா?

நாகலூர் காபித்தோட்டம்:
இரண்டுமே வேண்டாம் தம்பி. கிராம்புத் தைலம் நாய்க்கு ஒத்துக்கொள்ளாது, வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். மனுசருக்கான வலி மாத்திரையும் கூடவே கூடாது. பால்பல் 28, நாலு மாத வாக்கில் முன்பற்களில் தொடங்கி விழும், ஏழு மாதத்துக்குள் நிலைப்பல் 42-ம் வந்துவிடும். விழுந்த பல்லைக் குட்டியே விழுங்கிவிடும், அதனால் கெடுதல் இல்லை. துணியை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கடிக்கக் கொடுங்கள், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். நகத்தால் அழுத்தினால் பதியாத எதுவும் பல்லை உடைக்கும். இங்கே மலையில் உதிர்ந்த காபிப்பழத்துக்குத்தான் பயப்படுவோம், காஃபின் நாய்க்கு விஷம். உங்களுக்கு அங்கே மாங்கொட்டை, குடலில் போய் அடைத்துக்கொள்ளும்.

சூரமங்கலம் சிப்பிப்பாறை:
எனக்கு அந்த நூல்தான் கவலை. விழுங்கிய நூல் ஒரு முனையில் மாட்டிக்கொண்டால் குடல் சுருங்கிச் சுருங்கி அறுபட்டுவிடும், உயிருக்கே ஆபத்து. வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தறி ஓடும் நேரத்தில் குட்டி வேறு அறையில் இருக்கட்டும். அப்புறம், கோரைப்பல்லைப் பாருங்கள். சின்ன ஜாதி நாய்களுக்குப் பால்பல் விழாமலே பக்கத்தில் புதுப்பல் முளைப்பது சகஜம்.

அம்மாபேட்டை தறிவீடு:
நன்றிங்க. இப்போதுதான் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், மேலே இடதுபக்கம் கோரைப்பல் இரண்டாக நிற்கிறது, முன்னால் இருப்பது தடிமன், பின்னால் இருப்பது ஊசிபோல. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. பல் தேய்க்கவும் இப்போதே தொடங்கலாமா?

சூரமங்கலம் சிப்பிப்பாறை:
பின்னால் இருக்கும் ஊசிப்பல்தான் பால்பல். வீட்டில் பிடுங்காதீர்கள், வேர் நீளம், உள்ளேயே முறிந்துவிடும். அப்படியே விட்டாலும் நடுவில் சோறு தங்கிப் பற்காரை படியும், புதுப்பல் இடம் மாறி முளைக்கும். இந்த வாரமே காட்டுங்கள், மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டுமா என்று டாக்டர் சொல்வார். ஈறு புண்ணாக இருக்கும்வரை பிரஷ் வேண்டாம், ஈரத்துணி சுற்றிய விரலால் தினமும் வாயைத் தொட்டுப் பழக்கினால் போதும். பிறகும் நம் பேஸ்ட் கூடாது, நாய்க்கென்று இருக்கும் பேஸ்ட்தான். விளையாட்டில் குட்டியின் பல் உங்கள் மேல் கீறினாலும் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி போட்டீர்களா?