கார்ட்டீசியன்: செவ்வாயமா, தெக்காட்டா?

நண்பர்களே,

கணக்குப் பாடத்தில் x, y அச்சுகளை வைத்துப் புள்ளியின் இடத்தைக் குறிக்கும் முறைக்குக் 'கார்ட்டீசியன்' என்று பெயர். அந்தச் சொல்லுக்குத் தமிழில் 'செவ்வாயம்' (செங்கோண அச்சுகளில் அளப்பது என்ற பொருளில்) என்று வைக்கலாம் என்ற யோசனையைப் பார்த்தேன். காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்குச் சரிப்படவில்லை.

முதலில் சொல் வந்த வழி. 'சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்' என்ற பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே தெக்காட்டு (Descartes, 1596–1650) பெயர்தான் இது. அக்காலத்து அறிஞர்கள் லத்தீனில் எழுதும்போது பெயரையும் லத்தீனாக்கிவிடுவார்கள். இவர் பெயரின் முன்னால் இருந்த 'தெ'யைக் கழற்றிவிட்டுக் 'கார்த்தேசியுஸ்' ஆக்கினார்கள். அதில் ஆங்கில விகுதி ஒட்டியதும் கார்ட்டீசியன். ஆக நம் பாடநூலில் இருப்பது தலை போய், வால் முளைத்த பெயர். பள்ளியில் படித்தபோது கார்ட்டீசியன் என்றே ஒருவர் இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

செவ்வாயம் ஏன் பொருந்தாது? 1637-இல் வந்த அவருடைய 'வடிவியல்' நூலில், இன்று நாம் கரும்பலகையில் போடுகிற மாதிரி செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் இரண்டு அச்சுகள் கிடையாது. ஒரு கோட்டை வைத்துக்கொண்டு, கணக்குக்கு வசதியான கோணத்தில் அளக்கிறார். இன்றைக்கும் சாய்ந்த அச்சுகளுக்கும் கார்ட்டீசியன் என்ற பெயர் உண்டு. அப்புறம் கணங்களில் வரும் கார்ட்டீசியன் பெருக்கல்: 3 சட்டை, 2 வேட்டி, ஆக 6 ஜோடி. இதில் செங்கோணம் எங்கே? மனமும் உடலும் வேறு என்ற அவருடைய கொள்கையைச் 'செவ்வாய இருமைவாதம்' என்றால் ஜாதகம் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

இலங்கைப் பாடநூல்களில் 'தெக்காட்டின் தளம்' என்று ஏற்கெனவே இருக்கிறது. ஆள் தெரிகிறார், உருபு நம்முடையது. ரகர ஒற்று போய்விட்டதே என்பார்கள். போகட்டும், வாயில் நுழைகிறதல்லவா? தெக்காட்டு ஆயமுறை, தெக்காட்டுப் பெருக்கல், தெக்காட்டு இருமைவாதம் என்று மூன்றுக்கும் ஒரே சொல்லாக வைத்துக்கொள்வோம். புள்ளியின் இடத்தைச் சொல்லும் எண்களை ஆயத்தொலைவு என்பதா ஆள்கூறு என்பதா என்ற பழைய சண்டையை இதில் இழுக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் விலக்க வேண்டும். தண்ணீர் நிரம்பிய புட்டியை அழுத்தினால் உள்ளே முங்கி எழும் பொம்மையையும் 'கார்ட்டீசியன் டைவர்' என்கிறார்கள். அதை முதலில் எழுத்தில் விவரித்தவர் ரஃபயெல்லோ மஜியோத்தி என்ற இத்தாலியர், 1648-இல். அதற்குத் தெக்காட்டு பெயர் எதற்கு? 'முக்குளிப்பான்' என்று நினைத்தேன், ஆனால் அந்தப் பெயரில் குளத்துப் பறவை ஒன்று இருக்கிறது. 'முங்கு பொம்மை' போதுமா, சொல்லுங்கள்.