தரம் 10 விஞ்ஞானத் தவணைத் தாள்: ஆசிரியர் செயலமர்வில் எதைச் செய்விக்கலாம்?

வெள்ளவத்தை விஞ்ஞானம்
வணக்கம். தரம் 10, 11 விஞ்ஞானம் படிப்பிக்கும் 6 ஆசிரியர்களுக்கு, வினாத்தாள் தயாரிப்புப் பற்றி ஒரு நாள் செயலமர்வு வைக்க வேண்டும். இப்போது தாள்கள் பெரும்பாலும் கடந்தகால வினாத்தாள்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தவைதான். புளூமின் மட்டங்களிலிருந்து (அறிவு, விளக்கம், பிரயோகம் என்று வினாக்களைத் தரம் பிரிக்கும் முறை) தொடங்கலாமா?

கரும்பலகை
அவை பயிற்சியிலேயே படித்தவை சேர், அரை மணித்தியாலம் போதும். குறை என்னவென்றால், திட்டம் போடாமல் வினா எழுதத் தொடங்குவதுதான். முதலில் ஓர் அட்டவணை கீறச் சொல்லுங்கள்: இடப்பக்கம் அலகுகள், மேலே அறிவு, விளக்கம், பிரயோகம். செலவான பாடவேளைப்படி வினாக்களைப் பங்கிட வேண்டும். மூன்று அலகுகளுக்கு 12, 12, 6 பாடவேளைகள் என்றால் 40 பல்தேர்வு வினாக்கள் 16, 16, 8 என்று பிரியும். போன தவணைத் தாளையும் அதே அட்டவணையில் போட்டுப் பார்க்க வையுங்கள். எந்த அலகு விடுபட்டது, அறிவு நிரலில் எவ்வளவு குவிந்தது என்பது அங்கேயே தெரியும்.

கூடிய நேரம் பிழையான தெரிவுகளுக்கு வேண்டும். 2 கிலோகிராம் திணிவில் 10 நியூட்டன் விளையுள் விசை தாக்கினால் ஆர்முடுகல் 5. மற்ற மூன்றும் வாயில் வந்த எண்களாக இருக்கக்கூடாது. பெருக்கியவருக்கு 20, தலைகீழாக வகுத்தவருக்கு 0.2, கழித்தவருக்கு 8. பிள்ளை எதைத் தெரிந்தது என்பதிலிருந்தே அது எங்கே தடுமாறியது என்று பிடிக்கலாம். 'மேற்கூறிய யாவும்' வேண்டவே வேண்டாம்: இரண்டு சரி என்று தெரிந்த பிள்ளை மூன்றாவதை வாசிக்காமலே அதைப் போட்டுவிடும்.

தமிழ்மூலம்
இணையத்தில் தமிழ்நாட்டு வினாக்களை எடுப்பவர்கள் கலைச்சொல்லைக் கட்டாயம் மாற்ற வேண்டும். அங்கே 'அழுத்தம்' என்பது நமக்கு அமுக்கம். நம் பிள்ளைகளோ அழுத்தம் என்றதும் மின்னில் வரும் அழுத்த வேறுபாட்டை நினைப்பார்கள். பாடம் தெரிந்த பிள்ளைக்குப் புள்ளி போவது அநியாயம். 'சரியற்றது எது' என்று கேட்டால் அந்தச் சொல்லின் கீழ்க் கோடிடுங்கள்.

விடைத்தாள் கட்டு
பிற்பகலை வினாப் பகுப்பாய்வுக்கு விடுங்கள். திருத்திய 40 விடைத்தாள்களை மொத்தப் புள்ளி வரிசையில் அடுக்கி, மேலே 11, கீழே 11 எடுங்கள் (27 வீதம்). ஒரு வினாவுக்கு மேலே 9 பேர், கீழே 3 பேர் சரியென்றால், வித்தியாசம் 6ஐ 11ஆல் வகுக்கச் சுட்டி 0.55. கூடப் புள்ளி எடுத்தவரையும் குறைய எடுத்தவரையும் வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பதுதான் இந்தச் சுட்டி. நல்ல வினா, வைத்திருக்கலாம். 0.2க்குக் கீழே போனால் திருத்த வேண்டும். மேலே 4, கீழே 7 என்று மறையாக வந்தால் முதலில் விடைப்பட்டியலைப் பாருங்கள், அதிலேயே பிழை இருக்கலாம்.

வெள்ளவத்தை விஞ்ஞானம்
எங்கள் வகுப்பில் 22 பேர்தான். இது சரிவருமா?

விடைத்தாள் கட்டு
27 வீதம் எடுத்தால் 6 பேர்தான். ஒரு பிள்ளை மாறினாலே சுட்டி 0.17 ஆடும். மேல்பாதி 11, கீழ்ப்பாதி 11 என்று பிரியுங்கள். சமாந்தர வகுப்புக்கும் அதே தாள் என்றால் இரண்டு கட்டுகளையும் சேர்த்து எண்ணுவது இன்னும் நல்லது.