இடப்பக்கப் படமும் வலப்பக்கப் படமும் ஒரே ஓங்கிலுடையவையா? முதுகுத் துடுப்பு அடையாளத்தில் உதவி தேவை

கேள்வி (திருவொற்றியூர்): வணக்கம். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் என் மாமாவின் ஃபைபர் படகில் உடன் சென்று, எண்ணூர்ப் பக்கம் தென்படும் ஓங்கில்களின் (டால்பின்களின்) முதுகுத் துடுப்புகளைப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்துச் சேர்த்து வருகிறேன். தை மாதப் படம் ஒன்றில் துடுப்பின் இடப்பக்கம் தெரிகிறது. பின்விளிம்பில் மேலே சிறு வெட்டு ஒன்றும், கீழே ஆழமான வெட்டு ஒன்றும் உள்ளன. ஆனி மாதப் படத்தில் தெரிவது வலப்பக்கம். வெட்டுகள் ஒத்திருந்தாலும், முன்பு துடுப்பின் நடுவே இணையாக ஓடிய வெளிர்நிறக் கீறல்கள் இதில் இல்லை. கீழ்வெட்டின் ஆழமும் குறைவாகத் தெரிகிறது. புது எண் கொடுக்க வேண்டுமா?

பதில் (ராயபுரம்): கீறல்களை வைத்து முடிவெடுக்காதீர்கள், தம்பி. அவை பெரும்பாலும் மற்ற ஓங்கில்களின் பல் பட்ட தடங்கள். தோலின் மேற்புறத்தில், ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், சில மாதங்களில் மங்கியும் போகும். விளிம்பு வெட்டு அப்படியல்ல. சதை போன இடம் மறுபடி நிரம்பி வளராது என்பதாலும், இரு பக்கமிருந்தும் தெரியும் என்பதாலும்தான், 1970களில் அர்ஜென்டினாக் கடற்கரையில் வூர்சிக் தம்பதியர் ஆய்வு செய்த காலத்திலிருந்து இன்றுவரை அதையே முதன்மை அடையாளமாகக் கொள்கிறார்கள். ஒரு படத்தை இடவலமாகத் திருப்பிவைத்து, இரு வெட்டுகளுக்கு இடையிலான தூரத்தை, துடுப்பின் நுனியிலிருந்து கீழ்வெட்டு வரையுள்ள தூரத்தால் வகுத்துப் பாருங்கள். விலங்கு எவ்வளவு தொலைவில் இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. சாய்கோணத்தில் எடுத்தால் வெட்டின் ஆழம் குறைந்து தெரியும். வெட்டுகளின் உயர இடைவெளி அவ்வளவாகக் கெடாது.

கேட்டவர்: நன்றி அண்ணா. இரண்டிலும் விகிதம் 0.4 அளவில் வருகிறது. ஆனால் அதே கூட்டத்தின் வேறொரு துடுப்பிலும் கிட்டத்தட்ட அதே எண் வருவதால் குழப்பமாக உள்ளது.

பதில் (பழவேற்காடு): விகிதம் சல்லடை மட்டுமே, சலித்து மிஞ்சியவற்றைக் கண்ணால்தான் ஒப்பிட வேண்டும். படங்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். காலப்போக்கில் புது வெட்டு சேரலாம், ஆனால் பழைய வெட்டு மறையாது. ஆகவே தை மாதப் படத்தில் உள்ள வெட்டு ஒன்று ஆனி மாதத் தெளிவான படத்தில் இல்லையென்றால், அது வேறு விலங்குதான். நுனியின் வளைவையும் வெட்டின் உதட்டோரம் கூர்மையா மழுங்கலா என்பதையும் பெரிதாக்கிப் பாருங்கள். இன்னொருவரும் உங்கள் முடிவைக் கேட்காமல் தனியாக ஒப்பிடட்டும். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் ‘உறுதியில்லை’ என்றே பதியுங்கள், ஏனெனில் இரண்டை ஒன்றாகச் சேர்த்தால் எண்ணிக்கை குறையும், ஒன்றை இரண்டாகப் பிரித்தால் கூடும். பிற்பாடு எந்தக் கணக்கும் அதைச் சரிசெய்யாது. மங்கலான படத்தை, அடையாளம் எவ்வளவு ஆசைகாட்டினாலும், ஒப்பீட்டிலேயே சேர்க்காதீர்கள்.

இனி எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/1000 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும். இயந்திரத்தைத் தணித்துக் கூட்டத்துக்கு இணையாகப் படகு செல்லட்டும். குறுக்கே விடவோ துரத்தவோ வேண்டாமென மாமாவிடம் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் அது. பக்கவாட்டில் தானாக எழும்பும்போது இரு பக்கமும் ஒரே நாளில் கிடைத்துவிட்டால், இந்தச் சந்தேகமே எழாது.